பேரியாழைத் தேடுவோர் கோராவைக் கேட்கலாம்

தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், வறிய பாணன் ஒருவனைக் கச்சிக்கு ஆற்றுப்படுத்துவதே பெரும்பாணாற்றுப்படை. அதன் தொடக்கத்தில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் யாழின் உறுப்புகளை வருணிக்கிறார். நரம்புகளை வலித்துக் கட்டும் வார்க்கட்டுக்குத் திவவு என்று பெயர். அது பெண்ணின் முன்கையில் கிடக்கும் சிறு வளைகளைப் போன்றது என்கிறார். இன்றைய காஞ்சிபுரத்தில் தறியோசை உண்டு, நாகசுரம் உண்டு, யாழ் இல்லை. அவ்வுவமையை உரையின் துணைகொண்டே நாம் விளங்கிக்கொள்கிறோம்.

கண்ணால் காண விரும்புவோர் மேற்கு ஆப்பிரிக்காவின் கோராவைப் பார்க்கலாம். மாலி, காம்பியா, செனகல், கினி முதலிய நாடுகளில் மாண்டிங்கா மக்கள் போற்றும் நரம்புக்கருவி அது. பாதியாக வெட்டிய பெரிய சுரைக்குடுக்கையில் மாட்டுத்தோல் போர்த்து, நீண்ட மரத்தண்டைச் செருகியிருப்பர். தண்டைச் சுற்றிய தோல் வளையங்களை நகர்த்திச் சுருதி கூட்டுவதே பழைய முறை. நரம்புகள் 21: இடக்கைக்கு 11, வலக்கைக்கு 10. முற்காலத்தில் தோல்வார், இப்போது நைலான். பேரியாழுக்கும் நரம்பு 21 என்பது நம் மரபு.

இதைக் கண்டதும், இங்கிருந்து அங்கே போனது என்று நாம் மார்தட்ட வேண்டியதில்லை. யாழின் கோடு வளைந்தது. கோராவின் தண்டு நேரானது. அதன் நரம்புகள் உயர்ந்த குதிரை ஒன்றின் இருபுறமும் ஏறிச் செல்பவை. மெய்யான ஒப்புமை ஏந்தியவர் வாழ்வில் இருக்கிறது. கோராவை வழிவழியாக வாசிக்கும் ஜெலி குலத்தார் புரவலரின் குடிவழியைப் பாடிப் பரிசில் பெறுவோர். பாணர் வேறென்ன செய்தனர்?

விபுலானந்த அடிகளின் 'யாழ்நூல்' 1947இல் வெளிவந்தது. அண்மைக்காலத்தில் சிலர் யாழைச் செய்தும் காட்டுகின்றனர். மகிழ்ச்சியே. ஆயினும் கருவி மட்டும் மீண்டால் போதாது என்பதே எம் கருத்து. நெய்யும் கையின்றித் தறி மட்டும் கோர்வைப் புடவை தராது என்பதைக் காஞ்சி அறியும். கோரா வாழ்வது, தந்தை மகனுக்குக் கற்பித்ததால், கேட்போர் இருந்ததால். ஆண்களுக்கே உரியதாயிருந்த அம்மரபில் சோனா ஜோபார்த்தே என்ற பெண் புகழ்பெற்று, காம்பியாவில் பள்ளியும் நிறுவியிருக்கிறார். யாழுக்கும் வேண்டியது பிறப்பு பாராத அத்தகைய பள்ளிதான். குலத்தொழிலின் மீட்சி அன்று.

புதிதாகக் கேட்போர் தூமானி ஜபாத்தேயின் (1965–2024) 'கைரா' இசைத்தட்டில் தொடங்கலாம். 1988இல் வெளிவந்தது, பக்கவாத்தியம் எதுவும் இல்லை. கட்டைவிரல்கள் கீழ்ச்சுரங்களை நிறுத்தி நிறுத்திச் சுழற்ற, சுட்டுவிரல்கள் மேலே விரைகின்றன. இருவர் வாசிப்பதாகவே முதலில் தோன்றும். அதைக் கேட்டபின், பெரும்பாணாற்றுப்படையின் தொடக்க அடிகளை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.