விடை வந்தது, பொருள் வந்ததா?

முதலாண்டுக் கணிதத் தேர்வு நெருங்கும் நாள்களில் நம் விடுதி அறைகளில் ஒரு காட்சியைக் காணலாம். மூன்று நிரையும் மூன்று நிரலும் கொண்ட ஓர் அணியை எழுதி வைத்துக்கொண்டு, ஒன்பது சிற்றணிக்கோவைகளைக் கண்டு, குறிகளை மாற்றி, நிரைகளை நிரல்களாக்கி, அணிக்கோவையால் வகுத்து, "நேர்மாறு கண்டாயிற்று" என்று பெருமூச்சு விடுகிறோம். ஆனால், "அணிக்கோவை பூச்சியமானால் நேர்மாறு ஏன் இல்லாமற் போகிறது?" என்று பக்கத்து அறை நண்பர் கேட்டுவிட்டால் விழிக்கிறோம். விதி தெரிகிறது, காரணம் தெரியவில்லை. இந்நிலை மாற வேண்டும் என்பதே என் கருத்து.

காரணம் அப்படியொன்றும் எட்டாத உயரத்தில் இல்லை. சிற்றுண்டிச் சாலையிலேயே இருக்கிறது. ஒருவர் இரண்டு தட்டு இட்லியும் ஒரு காப்பியும் வாங்கி 100 ரூபாய் கொடுத்தார். மற்றொருவர் மூன்று தட்டு இட்லியும் இரண்டு காப்பியும் வாங்கி 160 ரூபாய் கொடுத்தார். விலைப்பட்டியலைப் பாராமலே, தட்டு இட்லி 40 ரூபாய், காப்பி 20 ரூபாய் என்று சொல்லிவிடலாம். விலையிலிருந்து தொகைக்குப் போகும் வழி அணி; தொகையிலிருந்து விலைக்குத் திரும்பும் வழி நேர்மாறு. இங்கே அணிக்கோவை 2×2 − 1×3, அதாவது 1.

இரண்டாமவர் நான்கு தட்டு இட்லியும் இரண்டு காப்பியும் வாங்கி 200 ரூபாய் கொடுத்திருந்தால் என்ன ஆகும்? முதலாமவர் சொன்னதையே அவர் இருமுறை சொல்கிறார். புதுச் செய்தி ஏதுமில்லை. இட்லி 40, காப்பி 20 என்றாலும் பொருந்தும். இட்லி 30, காப்பி 40 என்றாலும் பொருந்தும். திரும்பும் வழி அடைபட்டுவிட்டது. அணிக்கோவை 2×2 − 1×4, பூச்சியம்!

இதையே வரைபடத்தாளில் பாருங்கள். தொடக்கப் புள்ளியிலிருந்து (2,1), (3,2) என்ற புள்ளிகளுக்குக் கோடுகள் இழுத்து இணைகரம் வரைந்தால், அதன் பரப்பு 1. (2,1), (4,2) என்ற புள்ளிகளோ ஒரே கோட்டில் விழுகின்றன, பரப்பே இல்லை. அணிக்கோவை என்பது பரப்பு எத்தனை மடங்காகிறது என்று காட்டும் எண். மூன்று பரிமாணத்தில் கன அளவுக்கும் அஃதே. ஒரு முறை தட்டையாக நசுங்கிப்போனதை மீண்டும் விரிக்க எந்த அணியாலும் இயலாது. நேர்மாறு இல்லாமற் போவதன் காரணம் இவ்வளவே.

பின் ஏன் இந்தப் பொருளை விட்டுச் சூத்திரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்? வரலாறு ஒரு காரணம். அணியை விட அணிக்கோவை மூத்தது. ஜப்பானில் செக்கி 1683-இலும், ஜெர்மனியில் லைப்னிட்ஸ் 1693-இலும் அதைக் கண்டனர். கிராமர் தம் விதியை 1750-இல் வெளியிட்டார். 'அணி' என்ற கருத்துக்கு ஆங்கிலத்தில் சில்வெஸ்டர் பெயரிட்டதோ 1850-இல். கெய்லி அதன் இயற்கணிதத்தை எழுதியது 1858-இல். கையால் இரண்டு மூன்று சமன்பாடுகளைத் தீர்த்த காலத்தில் அந்தச் சூத்திரம் அழகாகவும் இருந்தது, போதுமானதாகவும் இருந்தது.

இருபது சமன்பாடுகள் வந்தால்? அணிக்கோவையை முழுதும் விரித்தால் ஏறத்தாழ 24,000 கோடி கோடி உறுப்புகள் வரும். வினாடிக்கு நூறு கோடி உறுப்புகளைக் கூட்டும் கணிப்பொறிக்கும் 77 ஆண்டுகள் ஆகும்! ஒரு நிரையின் மடங்கை மற்றொன்றிலிருந்து கழித்துக்கொண்டே போகும் நீக்கல் முறையிலோ ஏறத்தாழ மூவாயிரம் பெருக்கல் வகுத்தல்களில் வேலை முடிந்துவிடும். மூலைவிட்டத்தில் எஞ்சும் எண்களைப் பெருக்கினால் அணிக்கோவையும் கிடைத்துவிடும். நிரைகளை இடம் மாற்றியிருந்தால் குறியை மட்டும் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் அணிக்கோவையையே பாடத்திலிருந்து நீக்கிவிடலாமா? ஷெல்டன் ஆக்ஸ்லர் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் 1995-இல் 'அணிக்கோவை ஒழிக' என்ற பொருள்படும் தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். அந்த முழக்கத்தில் நான் சேரமாட்டேன். இரண்டு அணிகளைப் பெருக்கினால் அவற்றின் அணிக்கோவைகளும் பெருகுகின்றன என்ற விதி எத்துணை அழகியது! தொகை நுண்கணிதத்தில் மாறிகளை மாற்றும்போது அணிக்கோவையின்றி ஓரடியும் நகர முடியாது. அது சான்று சொல்லட்டும். கூலி வேலைக்கு அதை அனுப்ப வேண்டா என்றே சொல்கிறேன்.

அந்தச் சான்றையும் அளவறிந்து கொள்ள வேண்டும். நூறு நிரை கொண்ட அணியில் மூலைவிட்டம் முழுதும் 0.1, மற்றவை பூச்சியம் என்று கொள்வோம். அணிக்கோவை, புள்ளிக்குப் பின் 99 பூச்சியங்கள் கழித்து ஒன்று வரும் அளவுக்குச் சிறிது. ஆயினும் நேர்மாறு மிக எளிது. மூலைவிட்டத்தில் 10 போட்டால் போதும். ஆகவே, பூச்சியமா அன்றா என்பதே அணிக்கோவை தரும் தீர்ப்பு. சிறிதாக இருப்பது கொண்டு ஆபத்து என்று முடிவு கட்டலாகாது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: நீக்கல் முறையில் தொடங்குங்கள், பரப்பைக் காட்டி அணிக்கோவையை அறிமுகம் செய்யுங்கள், வினாத்தாளில் 'ஏன்' என்றொரு கேள்வியும் வையுங்கள். சேர்ப்பு அணி முறை கவனத்தைச் சோதிக்கிறது என்பர். சோதிக்கட்டும், கருத்தையும் சோதிக்க வேண்டாமா?

நமக்குள்ளும் ஒன்று. நம்மில் பலர் அணி, அணிக்கோவை, நேர்மாறு என்று தமிழில் படித்துவிட்டு இங்கு வந்தவர்கள். வகுப்பில் ஆங்கிலத்தில் ஐயம் கேட்கக் கூச்சப்பட்டே சூத்திரத்துக்குள் ஒளிந்துகொள்கிறோம். சங்கத்து அறையில் வாரம் ஒரு மாலை கூடி, காரணத்தை ஒருவருக்கொருவர் தமிழில் சொல்லிப் பார்ப்போமே! பிறர்க்கு விளங்கச் சொல்ல முடிந்தால் நமக்கு விளங்கிவிட்டது என்று பொருள். தமிழில் தெளிந்த கருத்தை நாளை எம்மொழியிலும் அஞ்சாமல் எழுதலாம்.