‘பிஜிஎம் ரிலீஸ் பண்ணுங்க’ என்பவர்களுக்கு

இளையராஜாவின் பழைய படம் எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் இரண்டாவது நிமிடத்தில் ஒரு குரல் எழும்: “பிஜிஎம்மை மட்டும் தனியா ரிலீஸ் பண்ணுங்க சார், எவ்வளவு காசானாலும் வாங்கிக்கிறோம்.” ஜொகூரிலும் கோலாலம்பூரிலும் எனக்குத் தெரிந்த இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் எல்லாருமே இதைச் சொல்கிறவர்கள்தான். ஆசை நியாயமானது. தட்டுகிற கதவுதான் தப்பு. அதைவிட, தட்டுகிறவர்களின் சொந்த அலமாரியே பூட்டிக் கிடக்கிறது. இவர்களோடு எனக்குள்ள சண்டை அதுதான்.

முதலில் கதவு. எங்கோ ஓர் அறையில் ‘உதிரிப்பூக்கள்’ (1979), ‘ஜானி’ (1980), ‘மௌன ராகம்’ (1986) என்று பெயர் எழுதிய டேப்புகள் அடுக்கி இருப்பதாகவும், ராஜா சாவியைக் கொடுத்தால் போதும் என்றும் இவர்கள் நம்புகிறார்கள். ரீரெக்கார்டிங் நடந்த விதம் தெரிந்தால் இப்படி நம்ப வராது. பாடல் படப்பிடிப்புக்கு முன்பே பதிவாகும். இசைத்தட்டாக விற்க வேண்டிய சரக்கு அது. பின்னணி இசையோ எடிட்டிங் முடிந்த பிறகு, திரையில் ரீல் ஓட ஓட, வாத்தியக்காரர்களை உட்கார வைத்து வாசித்துப் பதிவானது. பிறகு அதை வசனத்தோடும் மற்ற சத்தங்களோடும் கலந்து, பிலிமின் ஓரத்தில் ஒற்றைத் தடமாக அச்சடித்தார்கள். அதோடு அந்த மூல டேப்பின் வேலை முடிந்தது. அதைப் பத்திரப்படுத்த யாருக்கும் வியாபாரக் காரணம் இல்லை.

வசனத்துக்குக்கூட அன்று சந்தை இருந்தது. ‘விதி’ (1984) படத்தின் ஒலிச்சித்திர கேசட் கல்யாண வீட்டு மைக் செட்டில் அலறியது. பின்னணி இசை மட்டும் கடைக்கு வரவில்லை. தங்காக் துணிக்குப் பேர் போன ஊர். இங்கே எந்தக் கடையிலாவது போய், “இந்தச் சேலையிலிருந்து சாயத்தை மட்டும் தனியா எடுத்துக் கொடுங்க” என்று கேட்டுப் பாருங்கள். ரிலீஸ் பண்ணச் சொல்கிறவர்கள் ஏறத்தாழ அதைத்தான் கேட்கிறார்கள்.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்கிறேன். பாலு மகேந்திரா ‘வீடு’ (1988) படத்துக்கு, 1986லேயே ஆல்பமாக வந்திருந்த ‘ஹவ் டு நேம் இட்’ இசையை எடுத்துப் பயன்படுத்தினார். அதனால் அந்தப் படத்தின் இசையை இன்று வசனம் குறுக்கிடாமல் கேட்க முடிகிறது. ரசிகர்கள் கேட்டு அது கிடைக்கவில்லை. படத்துக்கு முன்பே தட்டாக இருந்ததால் தப்பியது.

உடனே அமெரிக்காவைக் காட்டுவார்கள். அங்கே லா-லா லேண்ட் என்ற நிறுவனம் 1960களின் ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரின் இசையை 2012இல் 15 சிடிகளாகப் போட்டது. நம்மால் ஏன் முடியாது? அங்கே இசை மூலங்கள் மிஞ்சியிருந்தன, அதனால் முடிந்தது. வாங்க ஆள் இருப்பது மட்டும் போதாது. எடுத்து வெளியிட ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

மிஞ்சியதை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? பழைய காந்த ஒலிப்பிலிம்களில் பல அசிடேட்டால் ஆனவை. சூட்டிலும் ஈரத்திலும் அவை சிதைந்து புளிக்காடி வாடை அடிக்கும், சுருங்கும், பிறகு ஓட்டவே முடியாது. இந்தியச் சட்டப்படி படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமைக் காலம் 60 ஆண்டு. 1976இல் வந்த ‘அன்னக்கிளி’ 2036 முடியும்வரை யாரோ ஒருவரின் சொத்து. அசிடேட் அதுவரை காத்திருக்காது. உரிமைக்காரர்களுக்கும் அந்த அவசரம் இல்லை. 2024இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ குழுவுக்கு ராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது ஒரு பாட்டுக்காக. ஊரே பேசுகிற சண்டைகள் பாட்டைச் சுற்றித்தான். பின்னணி இசைக்கு வாதாட ஆளே இல்லை.

இப்போது அலமாரிக்கு வருகிறேன். மலேசியாவில் வீடியோ கேசட் காலத்துச் சரக்கு இன்னும் வீடுகளில் கிடக்கிறது. விஎச்எஸ், லேசர் டிஸ்க், தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த நாடாக்கள். சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடித் தேடி வாங்கிவிட்டார்கள். வாங்கி? “என்கிட்ட மட்டும்தான் இருக்கு” என்று ஒரு படம் எடுத்துப் போடுவார்கள். அரை நிமிடத் துண்டை, நடுவில் தன் பெயரைச் சொல்லும் குரலை ஒட்டி, வெளியே விடுவார்கள். முழுசாக் கேட்டால், “உங்ககிட்ட மாத்திக்க என்ன இருக்கு?” என்பார்கள். ராஜாவிடம் எதைக் குறையாகச் சொல்கிறார்களோ, அதையே இவர்கள் சின்ன அளவில் செய்கிறார்கள்.

இன்னொன்று இதைவிட மோசம். செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் படத்தின் ஒலியைப் போட்டு, வசனத்தை நீக்கி, ‘ஒரிஜினல் பிஜிஎம்’ என்று பெயர் வைக்கிறார்கள். பொறியாளனாகச் சொல்கிறேன்: அந்த மென்பொருள் மூல டேப்பைத் திருப்பித் தருவதில்லை. கலந்த ஒலியில் எது குரல், எது வயலின் என்று, தான் பழகிய ஆயிரக்கணக்கான ஒலிகளை வைத்து ஊகிக்கிறது. ஒற்றைத் தடத்தில் இரண்டும் ஒரே அலைவரிசையில் மோதும் இடத்தில் வயலினையும் சேர்த்து அரித்துவிடும். கேட்க நன்றாக இருக்கலாம். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் ‘பிரித்தது’ என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து இந்த ஊகம்தான் வாசித்த இசை என்று நம்பப்படும்.

சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் இதுவும் மிஞ்சியிருக்காது என்பது உண்மை. சொந்தக் காசைப் போட்டிருக்கிறார்கள். குப்பைக்குப் போக இருந்த பெட்டிகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதற்கு நன்றி. ஆனால் காப்பாற்றிய பொருள் அவர்கள் அலமாரியிலேயே பூசணம் பிடித்தால் அந்த நன்றிக்கு என்ன அர்த்தம்? பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லாத வீட்டில் அந்தப் பெட்டி கடைசியில் எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

கேட்க வேண்டிய கேள்வியும் வேறு. தமிழ்ப் படம் தெலுங்குக்கு டப்பிங் போக, வசனம் நீங்கலாக இசையும் சத்தமும் மட்டும் உள்ள ஒரு தடம் தேவை. ‘நாயகன்’ தெலுங்கில் ‘நாயகுடு’ ஆனது. இப்படிப் போன படங்கள் எத்தனையோ. அந்தத் தடங்கள் யாரிடம் இருக்கின்றன என்று தயாரிப்பாளர்களிடமும் லேப்களிடமும், படத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இருந்தால் அதை முதலில் டிஜிட்டலாக்கச் சொல்லுங்கள். விற்பதைப் பிறகு பேசலாம்.

கூடவே உங்கள் நாடாக்களையும் டிஜிட்டலாக்குங்கள். எந்த ஆண்டு, எந்த நிறுவனத்தின் பதிப்பு, எந்த இயந்திரத்தில் ஓட்டியது என்று எழுதி வையுங்கள். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தையோ புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தையோ அணுகி, ஒரு பிரதியை ஒப்படைக்க வழி கேளுங்கள். ஒப்படைப்பது வேறு, ஊருக்கெல்லாம் வெளியிடுவது வேறு. உரிமைச் சண்டையை உரிமைக்காரர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் செய்துவிட்டு ராஜாவிடம் போய்க் கேளுங்கள். அப்போது நானும் கூட வருகிறேன்.