திமோர் லெஸ்தே – இந்தோனேசியா: தலைவர்கள் சமாதானமாகிவிட்டார்கள், குடும்பங்கள்?

கடந்த 2025 அக்டோபர் 26ஆம் தேதி கோலாலம்பூரில் நடந்த உச்சநிலை மாநாட்டில் திமோர் லெஸ்தே ஆசியானின் 11ஆவது உறுப்பு நாடானது. அதன் பிரதமர் சனானா குஸ்மாவ் ஒரு காலத்தில் ஜகார்த்தாவின் சிப்பினாங் சிறையில் கைதியாக இருந்தவர். அவரைச் சிறையில் அடைத்த அதே இந்தோனேசியா பின்னாளில் அவருடைய நாட்டை ஆசியானில் சேர்க்க ஆதரவு தந்தது. பகையை மறந்த அண்டை நாடுகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை என்று சொல்வார்கள். மறந்தது யார் என்பதுதான் கேள்வி.

1975 டிசம்பரில் இந்தோனேசியப் படை திமோருக்குள் நுழைந்தது. அடுத்த 24 ஆண்டுகளில் குறைந்தது 1,02,800 பேர் மாண்டதாகத் திமோரின் உண்மை அறியும் ஆணையம் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் பசியாலும் நோயாலும் போனவர்கள். 1999 ஆகஸ்ட் 30ஆம் தேதி வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் சுதந்திரம் கேட்டனர். அதற்குப் பழிவாங்க ராணுவ ஆதரவு பெற்ற உள்ளூர்க் கும்பல்கள் வீடுகளைக் கொளுத்தின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் எல்லைக்கு அப்பால் மேற்குத் திமோருக்குப் போனார்கள். விரும்பிப் போனவர்கள் சிலர், விரட்டிக் கொண்டுபோகப்பட்டவர்களே அதிகம்.

அண்டை வீட்டைக் கொளுத்தியவன் ஊர் திரும்பினால் என்ன செய்வது? திமோர் மக்கள் கண்ட வழி பழைய வழி. ஊர்ப் பொது இடத்தில் பெரிய பாயை விரிப்பார்கள். பெரியவர்கள், பாதிக்கப்பட்டவர்கள், குற்றம் செய்தவர் எல்லாரும் அதில் உட்கார வேண்டும். செய்ததை அவர் வாயாலேயே சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு வீட்டைக் கட்டித் தருவதோ, ஊர் வேலை செய்வதோ, கால்நடை கொடுப்பதோ முடிவாகும். இதைத்தான் இன்று சீரமைப்பு நீதி என்கிறார்கள். தோட்டத்துக் கோயில் திடலில் பஞ்சாயத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உண்மை அறியும் ஆணையத்தின் மேற்பார்வையில் 1,371 பேர் இப்படிப் பாயில் உட்கார்ந்து ஊரோடு சேர்ந்தார்கள்.

ஆனால் பாய் சின்னக் குற்றங்களுக்கு மட்டுமே. கொலையும் பாலியல் வன்கொடுமையும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியவை. அங்கேதான் எல்லைக்கோடு குறுக்கே நின்றது. டிலியில் இயங்கிய சிறப்பு நீதிமன்றம் 84 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர், ராணுவத் தளபதிகள் உட்பட, இந்தோனேசியாவில் இருந்தனர். அவர்களை அந்நாடு ஒப்படைக்கவில்லை. ஜகார்த்தாவே நடத்திய விசாரணையில் 18 பேரில் 6 பேருக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் அந்த ஆறு பேரும் விடுதலையாகிவிட்டனர்.

இந்நிலையில்தான் இரு அரசுகளும் சேர்ந்து 2005இல் உண்மை, நட்புறவு ஆணையத்தை அமைத்தன. நாட்டுக்கு ஐந்து பேர் எனப் பத்து உறுப்பினர்கள். பொதுமன்னிப்புக்குப் பரிந்துரை செய்யும் அதிகாரம் அதற்கு இருந்ததால் ஐ.நா. சாட்சியம் சொல்ல மறுத்தது. பொது விசாரணைகளில் ஜெனரல்கள் தங்கள் தரப்பை விலாவாரியாகச் சொன்னார்கள். பாதிக்கப்பட்டவர்களின் குரல் குறைவாகவே கேட்டது. வெறும் கண்துடைப்பு என்று பலர் முடிவு கட்டியிருந்தனர்.

அறிக்கை அவர்களை வியக்க வைத்தது. யாருக்கும் பொதுமன்னிப்பு வேண்டாம் என்றது. 1999இல் நடந்தவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள், அவற்றுக்கு இந்தோனேசிய ராணுவமும் போலீசும் அரசு நிர்வாகமும் அமைப்பு என்ற முறையில் பொறுப்பு என்றது. இந்தோனேசியர்களும் கையெழுத்திட்ட அறிக்கை இது. 2008 ஜூலை 15ஆம் தேதி பாலியில் அதை ஏற்றுக்கொண்ட அதிபர் யுதோயோனோ வருத்தம் தெரிவித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. மலாய் அறிந்த வாசகர்களுக்கு 'மெஞெசால்' வேறு, 'மாஆஃப்' வேறு என்பது தெரியும். கிராமத்துப் பாயில் உட்கார்ந்த வீடு கொளுத்தியவனுக்கு அந்தச் சலுகை இல்லை.

திமோர் தலைவர்களை மட்டும் குறை சொல்வது எளிது. மூன்று பக்கம் கடல், நான்காவது பக்கம் இந்தோனேசியா. கடைச் சாமான் முதல் பிள்ளைகளின் மேற்படிப்பு வரை அங்கிருந்துதான். இவ்வளவு பெரிய அண்டை வீட்டோடு வழக்காடிக் கொண்டே குடித்தனம் நடத்த முடியாது என்று குஸ்மாவ் கருதியதில் நியாயம் உண்டு. ஆனால் விலையைக் கொடுத்தது அரசாங்கம் அல்ல, தாய்மார்கள்.

போர்க்காலத்தில் ஏறக்குறைய 4,000 திமோர்ப் பிள்ளைகள் இந்தோனேசியாவுக்குக் கொண்டுபோகப்பட்டனர். ராணுவத்தினர் தூக்கிச் சென்றவர்களும், அமைப்புகள் படிக்கவைப்பதாகச் சொல்லி அழைத்துப் போனவர்களும் அதில் உண்டு. காணாமற்போனவர்களைத் தேடக் கூட்டு ஆணையம் வேண்டும் என்று 2008 அறிக்கையே சொன்னது. அது ஆண்டுக்கணக்கில் ஏட்டிலேயே கிடந்தது. தேடும் வேலையைப் பெரும்பாலும் இரு நாட்டு மனித உரிமை அமைப்புகள்தான் இழுத்துப் போட்டுக்கொண்டன. 2013 முதல் நூற்றுக்கும் மேற்பட்டோர் கண்டுபிடிக்கப்பட்டுச் சொந்த ஊருக்கு அழைத்து வரப்பட்டிருக்கிறார்கள். நடுத்தர வயதில், வேறு பெயரோடு, தாய்மொழி மறந்து.

இதற்குத் தளபதிகளைக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. பழைய ராணுவப் பதிவுகளையும் விடுதி ஏடுகளையும் திறந்துவிட்டால் போதும், பயணச் செலவை இரு அரசுகளும் பகிர்ந்துகொண்டால் போதும். ஆசியானில் இனி இருவரும் ஒரே மேசையில் அமர்கிறார்கள். பிறர் விவகாரத்தில் தலையிடுவதில்லை என்ற ஆசியான் கொள்கை இதற்குத் தடையாகாது, ஏனெனில் இரு நாடுகளும் தாங்களே ஒப்புக்கொண்ட வேலை இது. காத்திருக்கும் தாய்மார்களில் 1975இல் இருபது வயதானவர்களுக்கு இப்போது எழுபது ஆகிறது.