ஒரு ஜாடி மாவடு

புதுக்கோட்டையில் என் சிநேகிதி ஒருத்தி புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறாள். வாயெல்லாம் புண், காரம் தொடக் கூடாதென்று டாக்டர் உத்தரவு. ஆனால் தலையணையடியில் என்ன புஸ்தகம் தெரியுமா, சகோதரிகளே? மீனாக்ஷி அம்மாள் 1951-ல் வெளியிட்ட 'சமைத்துப் பார்'! அதிலும் ஊறுகாய்ப் பக்கங்கள்!

"சாப்பிட முடியாதவளுக்கு இது எதற்கடி?" என்றேன்.

"மாவடு போட்டால் வருஷம் முழுவதும் வரும். படிக்கிறபோது அந்த வருஷம் எனக்கும் உண்டென்று தோன்றுகிறது" என்றாள்.

அவள் போய்வருவது அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு. புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-ல் தொடங்கியது அது.

பங்குனியில் வடு வந்ததும் அவள் படிக்கப் படிக்க நான் உப்பும் மஞ்சளும் போட்டுக் குலுக்கப் போகிறேன். ஜாடி அவள் வீட்டில்தான் இருக்கும்.