மண் குழாயும் மரத்து வேரும்



மீள்குடியேறிய வீடுகளுக்குப் போகும்போது பெண்கள் என்னோடு பலதும் கதைப்பார்கள். காணி உறுதி, பிள்ளையின் படிப்பு, சங்கக் கடன், காணாமற்போனவர் பற்றிய விசாரணை எல்லாம் வரும். மலசலகூடம் மட்டும் கடைசியில், நான் படலையடிக்கு வந்த பிறகுதான் வரும். "பிள்ளை, கக்கூசுக்குத் தண்ணி ஊத்தினால் போகுதில்லை. மழைக்கு அப்பிடித்தான் போல" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மலசலகூடம் அடைத்துக்கொண்டால் அந்தக் கரைச்சல் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு இருப்பார்கள், தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். ஆகவே இந்த மாதம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் வெளியேறியவர்களின் காணிகள் போர் முடிந்த 2009 க்குப் பின்னர் கட்டம் கட்டமாக விடப்பட்டன. இன்னும் விடுபடாத காணிகளும் உண்டு. திரும்பிப் போனவர்களில் சிலருக்குக் கூரையில்லாத சுவராவது மிஞ்சியிருந்தது. பழைய நாற்சார் வீடுகளும், சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பெரிய கல்வீடுகளும் அவற்றில் இருந்தன. கூரை போட்டார்கள், கதவு நிலை வைத்தார்கள், கிணறு இறைத்தார்கள். நிலத்துக்குக் கீழே கிடந்த பழைய குழாயை அநேகமாக எவரும் நினைக்கவில்லை.

அந்தக் குழாய் சுட்ட மண்ணால் ஆனது. உள்ளும் புறமும் கண்ணாடிபோல் மெருகு பூசியிருக்கும். இங்கிலாந்தில் ஹென்றி டோல்ரன் என்பவர் 1846 இல் லண்டனின் லம்பெத் பகுதியில் இத்தகைய குழாய்களைச் செய்வதற்கென்றே ஒரு தொழிற்சாலை தொடங்கினார். வெள்ளைக்காரர் ஆட்சியோடு இந்த முறை எங்கள் பக்கமும் வந்தது. நூறு வருடம் மண்ணுக்குள் கிடந்தாலும் இந்தக் குழாய் உக்காது, துருப்பிடிக்காது. அதன் பலவீனம் மூட்டுத்தான். துண்டுகள் கட்டையானவை, இரண்டு மூன்று அடிதான் வரும். ஒன்றின் அகன்ற வாய்க்குள் மற்றதைச் செருகிச் சாந்து பூசியிருப்பார்கள். மலசலகூடத்திலிருந்து குழி 30 அடி தள்ளியிருந்தால் இடையில் 10 முதல் 15 மூட்டுக்கள் இருக்கும். நிலம் சற்று இறங்கினாலும், மேலே பாரவண்டி ஏறினாலும், பக்கத்தில் எறிகணை விழுந்து அதிர்ந்தாலும் சாந்து வெடித்துவிடும்.

வேர் குழாயைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நல்ல குழாயை வேர் ஒன்றும் செய்யாது. வெடித்த மூட்டால் ஈரமும் பசளையும் கசிந்தால் அந்தப் பக்கத்து வேர் அதைத் தேடி வரும். முதலில் தலைமயிர் அளவில் ஒரு வேர் நுழையும். உள்ளே தண்ணீர், காற்று, பசளை மூன்றும் இருப்பதால் அது தும்புக்கட்டுப்போலப் பெருகும். மூட்டில் நின்ற பகுதி பருத்துக் குழாயையே பிளக்கும். தும்பில் துணியும் மலமும் சிக்க, வழி அடைபடும்.

"வந்த முதல் வருசம் ஒரு பிரச்சினையுமில்லை, ஏன் இப்ப இப்பிடி?" என்று கேட்டவர்கள் உண்டு. ஆளில்லாத காலம் முழுவதும் அந்தக் குழாய் காய்ந்து கிடந்தது. வளவிலோ வேம்பும் பூவரசும், காகம் எச்சமிட்டு முளைத்த அரசும் தம்பாட்டில் வளர்ந்துவிட்டன. நாங்கள் வந்து தண்ணீர் ஊற்றத் தொடங்கிய பிறகுதான் வேருக்கு அந்த இடத்தில் வேலை வந்தது. அது வந்து சேர ஒன்றிரண்டு வருடம் எடுக்கும்.

அடைப்பு எங்கே என்று முதலில் அறிய வேண்டும். பெருமழைக்கு மட்டும் அடைத்து, மழை விட்டதும் தானாகப் போனால் நிலத்தடி நீர் ஏறிக் குழி நிரம்பியிருக்கலாம். ஆடி ஆவணிக் கோடையிலும் தண்ணீர் மெல்ல இறங்கினால், இறங்கும்போது களக் களக்கென்று சத்தம் கேட்டால், மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்கக் குழாய் போகும் வழியில் மட்டும் புல் பச்சையாக நின்றால், வேரைச் சந்தேகிக்கலாம். நிச்சயப்படுத்த வழி, குழியின் மூடியைத் திறந்து பார்ப்பது. குழியில் மட்டம் குழாய் வாய்க்குக் கீழே இருக்க, கோப்பையில் மட்டும் தண்ணீர் நின்றால், பிழை குழியில் இல்லை, குழாயில். பவுசர் பிடித்துக் குழியை இறைத்தாலும் பிரயோசனமில்லை. வீணாகக் காசு கொடுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

மூடியைத் திறப்பதென்றால் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். பழைய மூடிக்கு மேல் ஏறி நிற்கவே கூடாது, உடையும். திறந்ததும் விலகி நின்று காற்றுப் போக விடுங்கள். விளக்கு, நெருப்புக்குச்சி, பீடி எதுவும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். எக்காரணத்தைக் கொண்டும் ஒருவரும் குழிக்குள் இறங்கக் கூடாது. அங்குள்ள வாயு கூழ்முட்டை மணம் மணக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து அந்த மணம்கூடத் தெரியாது. விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து சாகிறார்.

மலசலகூடத்தைவிட என்னைக் கவலைப்படுத்துவது கிணறு. வேர் உள்ளே போகும் வெடிப்பால் அழுக்கு வெளியே வரும். குடாநாட்டு நிலம் சுண்ணக்கல். நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் இந்தக் கல்லின் பொந்தாலும் வெடிப்பாலும் வந்தவைதான். மண் வடிகட்டும் என்று நம்பியிருக்க இந்தப் பூமியில் மண் ஆழமில்லை. கசியும் தண்ணீர் வெடிப்பு வழியே விரைவாகக் கிணற்றைச் சேரும். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடி விட்டுத்தான் கட்டினோம் என்பார்கள். ஆனால் குழாய் கிணற்றடியால் போய் அங்கே வெடித்திருந்தால் அந்த 50 அடிக்குக் கருத்தில்லை. குழாயில் சந்தேகம் வந்த நாளிலிருந்து குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி நீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள், குளோரின் எவ்வளவு போடுவதென்றும் அவரிடமே கேளுங்கள். கொதித்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடவே செய்யும். கைக்குழந்தைக்கு மாப்பால் கரைக்கும் வீட்டில், சோதனை முடியும்வரை வேறு நல்ல கிணற்றுத் தண்ணீர் எடுப்பதே புத்தி.

இனி வேரை எடுக்கும் விடயம். வலிகாமம் வடக்கில் ஓர் அம்மா. கணவர் இல்லை. மகளும் பேத்தியும் கூட இருக்கிறார்கள். பாட்டனார் வைத்த கறுத்தக்கொழும்பான் மாமரம் மட்டும் சாகாமல் நின்றது. வந்து பார்த்த மேசன் மரத்தைத் தறித்து, நிலத்தை உடைத்து, எல்லாம் புதிதாகப் போட வேண்டும் என்றார். கேட்ட தொகை அம்மாவின் ஒரு வருட வருமானத்துக்கு மேல். "வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ கதைக்க?" என்று வேறு கேட்டாராம். இந்தக் கேள்வியின் விலையையும் கூலிக்குள் சேர்த்துவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நாங்கள் இன்னொருவரிடம் விலை கேட்டோம். முழு வேலைக்கும் அல்ல, அடி கணக்கில். கோப்பைக்கும் குழிக்கும் இடையே கயிறு பிடித்து, பச்சைப் புல் நின்ற இடத்தில் முதலில் தோண்டச் சொன்னோம். இரண்டடி ஆழத்தில் குழாய் வந்தது. மூட்டைத் திறந்தபோது ஒரு முழ நீளத்துக்கு வேர், பின்னிய பாய்போல. அது மாமரத்து வேரே அல்ல, வேலியில் நின்ற பூவரசின் வேர். தறித்திருந்தால் மரமும் போய் அடைப்பும் நின்றிருக்கும்.

கெட்டுப்போன இரண்டு துண்டுகளை எடுத்து, வேரை வாளால் அறுத்து, அந்த இடத்துக்கு 4 அங்குல பி.வி.சி. குழாய் போட்டார். மண் குழாயும் பிளாஸ்ரிக் குழாயும் சேரும் இடம்தான் கவனிக்க வேண்டியது. றப்பர் இணைப்புக் கிடைத்தால் நல்லது. சீமெந்து என்றால் வளையமாகத் தடிப்பாகப் பூசிக் காயவிட வேண்டும். வாட்டம் 40 அடிக்கு 1 அடி என்ற கணக்கு. 30 அடி ஓட்டத்துக்கு 9 அங்குலம். மூடுமுன் 4 வாளி தண்ணீர் ஊற்றி மூட்டுக் கசிகிறதா என்று அம்மாவே குனிந்து பார்த்தார். நாலைந்து மூட்டுக்கு மேல் பழுதென்றால் துண்டு துண்டாகத் திருத்துவதில் பயனில்லை, முழுவதையும் மாற்றுங்கள்.

தோண்டுமுன் ஒன்று. கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த காணியென்றாலும், மண்ணுக்குள் தெரியாத இரும்போ பிளாஸ்ரிக் பெட்டியோ கண்டால் மண்வெட்டியை அப்படியே விட்டுவிட்டு விலகுங்கள். தொடாமல், இடத்தை அடையாளப்படுத்தி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். அடிமரத்துக்குக் கிட்ட நிற்கும் பருத்த வேர்களை அறுக்கவும் வேண்டாம், கார்த்திகைக் காற்றுக்கு மரம் வீட்டின் மேல் சரியும்.

வெளிநாடுகளில் சுழலும் கத்தி பூட்டிய கம்பியை உள்ளே விட்டு வேரை அறுக்கிறார்கள், விசைத்தண்ணீர் அடிக்கிறார்கள், கமராவை விட்டுப் பார்க்கிறார்கள். 1971 இல் லண்டனில், பழைய குழாயைத் தோண்டாமலே அதற்குள் பிசினில் தோய்த்த துணிக்குழாயை விட்டு இறுக வைக்கும் முறையும் வந்தது. தெருவுக்கு அடியில் ஆழத்தில் கிடக்கும் குழாய்க்கு இவை சரி. இரண்டடி ஆழத்தில் கிடக்கும் எங்கள் குழாய்க்கு மண்வெட்டியே மலிவு. அத்துடன் உள்ளே மட்டும் அறுத்த வேர், கவ்வாத்துப் பண்ணிய செடிபோல அடர்ந்து திரும்பி வரும். வெடிப்பு மூடப்படவில்லையே!

துருசு கரைத்து ஊற்று என்று தோட்டக்காரர் சிலர் சொல்வார்கள். வேர் சாகும், உண்மை. ஆனால் குழியில் மலத்தை உக்கவைக்கும் கிருமிகளும் சாகும், செம்பு கிணற்றைத் தேடிப் போகும். கல்லுப்பும் அப்படியே, ஏற்கெனவே உவராகி வரும் கிணறுகளுக்கு அது வேண்டாம். அலவாங்கால் இடித்தால் மண் குழாய் நொருங்கும்.

நான் சமூகவியல் படித்தவள், ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். பழைய வாளிக் கக்கூசுகளுக்குப் பின்னால் ஒரு சிறு கதவு இருக்கும், அள்ளுகிறவர் முன்வாசலால் வரக்கூடாதென்று. அந்தக் கதவு இன்று இல்லை. ஆனால் இந்த வேலைக்குக் கூப்பிடப்படுபவருக்குத் தேநீர் எந்தக் கோப்பையில் போகிறதென்று சில வளவுகளில் பார்த்து நான் முகம் சுழித்ததுண்டு. முகாமில் ஒரே வரிசையில் நின்று ஒரே பவுசர் தண்ணீரைப் பிடித்தவர்கள் நாங்கள். வேலை செய்பவருக்குக் கையுறையும் சவர்க்காரமும் கொடுங்கள், உங்கள் வீட்டுக் கோப்பையில் தேநீர் கொடுங்கள், கூலியைப் பேசியபடி அன்றே கொடுங்கள்.

குழாய் போகும் வழியில் இனி அரசு, ஆல், பூவரசு வேண்டாம். சுவரில் முளைக்கும் அரசங்கன்றை இரண்டிலையில் பிடுங்குங்கள். தென்னையின் நார் வேரும் மூட்டுக்குள் போகும். வாழை, பப்பாசி பரவாயில்லை.

வேலையை மழைக்கு முன், புரட்டாதிக்குள் முடிப்பது நல்லது. மூடுமுன் குழாய் போன வழியை ஒரு தாளில் கீறி வையுங்கள். வீட்டு மூலையிலிருந்து எத்தனை அடி, கிணற்றிலிருந்து எத்தனை அடி, எந்த இடத்தில் புதிய துண்டு போட்டது, எந்தத் திகதி என்று எழுதுங்கள். அந்த அம்மா வீட்டில் பேத்தி கொப்பித் தாளில் கீறியதைக் காணி உறுதியோடு சேர்த்துப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கிறார்கள்.