கட்டிலருகே நிற்பவர் எதற்காக நிற்கிறார்?

சில வாரங்களுக்கு முன், பெண்கள் வார்டில் தோவாளைப் பக்கத்திலிருந்து வந்திருந்த மூதாட்டி ஒருவரை முதுநிலை மாணவி ஒருவர் பரிசோதித்துக்கொண்டிருந்தார். கட்டிலின் கால்மாட்டில் கையில் ஒரு தாளுடன் நாங்கள் பேசாமல் நின்றோம். மாணவி முடித்ததும் மூதாட்டியின் மகன் எங்களை வராந்தாவுக்கு அழைத்துக் கேட்டார்: “சாரே, இந்தப் பிள்ளைகள் படிக்கதுக்கு எங்க அம்மைதானா கெடச்சா? நீங்களே பாத்தா என்ன?”

கேள்வியில் நியாயம் இருக்கிறது. அன்று நின்றபடியே அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுமையாகச் சொல்ல விரும்புகிறோம்.

எங்கள் கையில் இருந்த தாள் ஒரு மதிப்பீட்டுப் படிவம். ‘மினி சி.இ.எக்ஸ்.’ என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் ஜான் நார்சினி என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் வகுத்த இம்முறை 1995இல் வெளியானது. இளம் மருத்துவர் உண்மையான நோயாளி ஒருவரிடம் நோய் வரலாறு கேட்பதையும் உடலைப் பரிசோதிப்பதையும் மூத்தவர் ஏறத்தாழ 15 அல்லது 20 நிமிடம் குறுக்கிடாமல் கவனிப்பார். பின்னர் சில நிமிடம் தனியே அமர்ந்து, எது சரி, எது தவறு என்று பேசுவார். கேட்கும் திறம், பரிசோதிக்கும் திறம், நோயாளியை மதிக்கும் பண்பு, முடிவெடுக்கும் தெளிவு, விளக்கிச் சொல்லும் முறை எனத் தலைப்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை எண் இடவேண்டும். ஊசி வழியே நீர் எடுப்பது, குழாய் பொருத்துவது போன்ற கைவேலைகளுக்கு இதே போன்ற வேறு படிவம் உண்டு.

‘தேர்வு எழுதித்தானே டாக்டர் ஆகிறார்கள், பிறகு இது எதற்கு?’ என்று கேட்கலாம். எங்கள் காலத்துச் செய்முறைத் தேர்வில் ‘லாங் கேஸ்’ என்று ஒன்று இருந்தது, இன்றும் இருக்கிறது. நோயாளி ஒருவரை மாணவரிடம் ஒப்படைத்து முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ தருவார்கள். அந்த நேரத்தில் தேர்வாளர் பெரும்பாலும் அருகில் இருப்பதில்லை. பின்னர் வந்து, கண்டறிந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்பார். மாணவர் நோயாளியின் முகம் பார்த்துப் பேசினாரா, கை கழுவினாரா, வலிக்கும் வயிற்றைச் சொல்லாமல் அழுத்தினாரா என்பவை தேர்வாளருக்குத் தெரியாது. கண்டவர் நோயாளி ஒருவர்தாம். அவரை யாரும் கேட்பதில்லை. நன்றாகப் பேசத் தெரிந்தவர் நன்றாகப் பார்க்கவும் தெரிந்தவர் என்ற நம்பிக்கையின் மேல்தான் அத்தேர்வு நிற்கிறது. அந்த நம்பிக்கை பல வேளைகளில் பொய்த்துப்போவதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

எங்கள் கதையையே சொல்கிறோம். முதுநிலைப் படிப்பின் முதலாண்டில், ஓர் இரவு, முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்கும் பணி எங்களிடம் வந்தது. அதற்குமுன் ஒருமுறை பிறர் செய்யப் பார்த்திருந்தோம், அவ்வளவே. மூத்தவர் வேறு வார்டில் இருந்தார். மூன்று முறை குத்தியபின் நீர் வந்தது. காலையில் ஆசிரியர் குப்பியைப் பார்த்தார், நீர் தெளிவாக இருந்தது, பதிவேட்டில் கையொப்பமிட்டார். முதலிரண்டு குத்துகளுக்கும் அந்த நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது எந்த ஏட்டிலும் இல்லை. ஊசியைப் பிடித்த கோணமே தவறு என்பதை ஓராண்டுக்குப் பிறகு வேறொருவர் அருகில் நின்று பார்த்துச் சொன்னபோதுதான் அறிந்தோம். அந்த ஓராண்டில் எத்தனை பேர் முதுகில் அதே கோணத்தில் குத்தியிருப்போம் என்று எண்ணிப் பார்க்க இப்போதும் மனம் வருவதில்லை.

ஆகவே அந்த மகனுக்கு எங்கள் பதில் இதுதான்: உங்கள் அம்மையிடம் இளம் மருத்துவர் பழகுகிறார் என்பது உண்மை. மருத்துவமனையில் இதற்கு விலக்கு இல்லை. இன்று நீங்கள் ‘பெரிய டாக்டர்’ என்று நம்புகிறவரும் யாரோ ஒருவருடைய அம்மையிடம் பழகியவரே. ஆனால் அஞ்ச வேண்டியது, ஒருவரும் பார்க்காதபோது அவர் பழகுவதைத்தான்.

கட்டிலருகே கற்பது இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் 1860களிலேயே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார்கள். அதற்கும் முந்திய வர்ம ஆசான்மார் மாணவனைத் தம் அருகில் நெடுங்காலம் வைத்திருந்து, அவன் கை பக்குவப்பட்டதைக் கண்ட பிறகே பிறர் உடலைத் தொட விட்டார்கள். தொட்டுக் காட்டாத வித்தை சுட்டுப் போட்டாலும் வராது என்பது அவர்கள் வழக்கு. தொட்டுக் காட்டினால் மட்டும் போதாது, அவன் தொடுவதைப் பார்க்கவும் வேண்டும் என்று நாங்கள் சேர்த்துக்கொள்வோம்.

2019இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் முதல், திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட சில திறன்களை மாணவர் செய்து காட்ட, ஆசிரியர் கண்டு சான்றளிக்க வேண்டும் என்கிறது அது. விதி நல்ல விதிதான். குறை எங்களிடம் இருக்கிறது. புறநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும் காலையில் ஒருவருக்காக 20 நிமிடம் வாயை மூடி நிற்பது எளிதன்று. மாத இறுதியில் நினைவிலிருந்து படிவங்களை நிரப்பும் பழக்கம் எங்களுக்கும் உண்டு. நிரப்பினால் 7, 8 என்றே எண் விழும். 4 போட்டால் காரணம் எழுதவேண்டும், மறுபடி கற்பிக்கவும் வேண்டும். இரக்கமும் ஒரு காரணம். கடன் வாங்கிப் படிக்க வந்த பிள்ளையின் தாளில் குறைந்த எண்ணை இடக் கை கூசுகிறது. ஆனால் பார்க்காமல் இட்ட கையொப்பம், படிவமே இல்லாததைவிடத் தீது. பார்த்தோம் என்று அது பொய் சொல்கிறது.

ஒருமுறை பார்த்து முடிவு கட்டுவதும் சரியன்று. மூச்சுத்திணறல் நோயாளியிடம் தடுமாறாதவர் பக்கவாத நோயாளியிடம் தடுமாறலாம். பல நாள், பல நோயாளிகளிடம், பல மூத்தவர்கள் பார்த்தால்தான் அந்த எண்களுக்குப் பொருள் உண்டு.

இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. முதலில், மறுக்கும் உரிமை. வருகிறவர் யார், பயிற்சியில் இருப்பவரா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் தொடங்குமுன்னும் சொல்லலாம், நடுவிலும் சொல்லலாம். அதனால் உங்கள் சிகிச்சையில் ஒன்றும் குறையாது. குறைந்தால் அது எங்கள் குற்றம். சம்மதித்தபின், இளம் மருத்துவர் கேட்கும் கேள்விக்கு அவர் முகம் பார்த்தே பதில் சொல்லுங்கள். அவர் தோளுக்கு மேல் எங்களைப் பார்த்துச் சொல்வது நம்மூர் மரியாதை. அது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கால் மணி நேரம் எங்களைத் தூணாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆபத்தான தவறு நேரும்போல் இருந்தால் தூண் வாய் திறக்கும். முடிந்தபின் உங்களுக்கு எப்படி இருந்தது என்று எங்களிடம் சொல்லுங்கள். கண்ணால் நாங்கள் காண்பதைவிட, உடம்பால் நீங்கள் அறிந்தது அதிகம்.

அன்று மகனிடம் பேசி முடித்து உள்ளே வந்து மூதாட்டியிடம் கேட்டோம். “கை ஐஸ் கணக்கா குளுந்து கெடந்துது. ஆனா தொடதுக்கு முன்ன ஒவ்வொருக்கவும் சொல்லிட்டுத்தான் தொட்டா” என்றார். படிவத்தில் நோயாளி சொல்வதை எழுத இடம் இல்லை. ஓரத்தில் எழுதி, மாணவியிடம் காட்டினோம். இப்போது அவர் ரவுண்ட்ஸ் தொடங்குமுன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிறார்.