படக்கதையும் பந்தியும்

உபாத்தியாயர் என்று ஒருவன் பெயரெடுத்து விட்டால், ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் புத்தி சொல்லும் பொறுப்பு அவன் தலையில் வந்து விழுந்து விடுகிறது. பள்ளிக்கூடத்தை விட்டுப் பத்து வருஷங்களுக்கு முன்பே போய்விட்ட பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

சென்ற மாதம் நாம் சென்னைக்குப் புறப்படும் சமாசாரம் தெரிந்ததும், அடுத்த தெருவிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். சிவகாசிக்கு அருகிலுள்ள நமது ஊரில், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்து ஒரே மகனைப் படிக்க வைத்தவர். அந்த மகன் எட்டாம் வகுப்பில் நம்மிடம் பாடம் கேட்டவன். இப்போது சென்னையில் இரசாயன சாஸ்திரத்தில் ஆராய்ச்சி மாணவன்.

"இந்தப் பருப்புப் பொடியைக் கொடுத்துட்டு, அவனுக்கு நாலு வார்த்தை நல்லாச் சொல்லிட்டு வாங்க ஐயா. அஞ்சு மாசமா வீட்டுக்குப் பணம் அனுப்பலே. பொம்மைப் புத்தகம் வாங்குறதும், ஞாயித்துக்கிழமையானா கூட்டம் சேர்ந்து ஓட்டலுக்குப் போறதுமா இருக்கானாம். பக்கத்து வீட்டுப் பையன் கண்ணாலே பார்த்துட்டு வந்து சொன்னான்" என்றார்.

நமக்குக் கோபம் வந்தது. அதற்கு விசேஷ காரணமும் உண்டு. 2011-ஆம் வருஷம், நாம் பின்னக் கணக்குப் போட்டுக் கொண்டிருந்த வேளையில், இதே பையன் நோட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் தலையணை போன்ற ஒரு படக்கதைப் புத்தகத்தை மறைத்து வைத்துக் கொண்டு படித்தான். எண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்ட புத்தகத்தை நாற்பது பக்க நோட்டால் மறைக்கலாம் என்று நினைத்தவனுடைய கணித ஞானத்தைக் கண்டித்து, புத்தகத்தைப் பறிமுதல் செய்தோம். "வருஷக் கடைசியில் தருகிறோம்" என்றும் சொன்னோம். அப்படிப்பட்ட பிள்ளை ஆராய்ச்சி மாணவனான பிறகும் திருந்தவில்லையென்றால் கோபம் வராதா?

ரயிலில் விருதுநகரிலிருந்து திருச்சி வரையில் உபதேசத்தைத் தயார் செய்தோம். திருச்சியிலிருந்து செங்கற்பட்டு வரையில் அதைத் திருத்தி அமைத்தோம்.

பையன் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் குடியிருக்கிறான். இரண்டு கட்டில்களைப் போட்ட பிறகு மீதியிருக்கும் இடத்தில் ஒருவர் நிற்கலாம். இருவர் நிற்பதானால் ஒருவர் கட்டிலில் ஏற வேண்டும். நம்மைக் கண்டதும் அவன் அடைந்த சந்தோஷத்தைப் பார்த்து, உபதேசத்தைச் சற்று ஒத்தி வைத்தோம்.

அவனுடைய தினசரி வாழ்க்கையை விசாரித்தோம். சாயப் பட்டறைக் கழிவு நீரிலிருந்து நிறத்தை நீக்குவதற்கு வழி தேடுகிறானாம். காலை 9 மணிக்குப் பரிசோதனைச் சாலைக்குப் போனால், நீரில் மருந்துப் பொடியைக் கலந்து, விளக்கொளியில் வைத்து, நிறம் எவ்வளவு குறைந்தது என்று மணிக்கணக்கில் அளக்க வேண்டும். சில கருவிகள் வேறு ஸ்தாபனங்களில் இருக்கின்றன. அங்கே முறை வருவதற்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். முறை வந்த அன்று மின்சாரம் போய்விட்டால் மறுபடியும் மூன்று வாரம். இதற்கு நடுவில் இளைய மாணவர்களுக்கு வகுப்பு. பேராசிரியர் சிவப்பு மையால் அடித்துத் தள்ளிய கட்டுரையைத் திரும்ப எழுதுவது வேறு. ஒரு நாளில் எத்தனை பேரோடு பேசுவாய் என்று கேட்டோம். யோசித்துப் பார்த்து, "சில நாள் யாரோடும் இல்லை, சார்" என்றான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. "மத்தியானம் சிநேகிதர்களோடு சாப்பாடு. நீங்களும் வர வேண்டும்" என்றான். குற்றத்தை நேரில் காண்பதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? உடனே சம்மதித்தோம்.

அந்த ஹோட்டலில் ஒரு நீண்ட மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் இருந்தார்கள். லாரி புக்கிங் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர், பாங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள், மற்றவர்கள் வாலிபர்கள். ஆளுக்கொரு துணிப்பை. பைக்குள் படக்கதைகள். இலையில் தண்ணீர் தெளிப்பதற்கு முன்பே சம்பாஷணை ஆரம்பமாகிவிட்டது.

பெரியவருக்கு இரும்புக்கை மாயாவிதான் குலதெய்வம். 1962-ல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற பத்திரிகையில் பிறந்த அந்த வீரன், 1972-ல் முத்து காமிக்ஸ் மூலமாகச் சிவகாசியில் தமிழ் பேசத் தொடங்கினான். கை இழந்த மனிதனுக்கு இரும்பினால் ஒரு கை; மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுவதும் மறைந்து, அந்தக் கை மாத்திரம் அந்தரத்தில் தெரியும். "படிக்கும்போது எனக்குப் பதினேழு வயது. வீட்டுச் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தேன். நான் மறையவில்லை, பல்புதான் போயிற்று" என்றார் பெரியவர்.

ஆட்டோக்காரருடைய கட்சி டெக்ஸ் வில்லர். 1948-ல் இத்தாலியில் தோன்றிய இந்தக் குதிரை வீரனும் அவனுடைய கிழத் தோழன் கார்சனும், துப்பாக்கிச் சண்டை முடிந்து எந்த ஊருக்குள் நுழைந்தாலும் முதலில் சாப்பாட்டு விடுதியைத்தான் தேடுவார்கள். மூன்று விரற்கடை கனமுள்ள இறைச்சித் துண்டும், மலைபோல் குவித்த உருளைக்கிழங்கு வறுவலும் வர வேண்டும். அந்த ஹோட்டல் சைவ ஹோட்டல். ஆனாலும் பரிமாறுகிறவர் இவர்களை நன்றாகத் தெரிந்து கொண்டிருக்கிறார். உருளைக்கிழங்குப் பொரியல் வாளியோடு வந்து, "மலையா, சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் கரண்டியை எடுத்தார்.

ரஸம் வருவதற்குள் நமது கோபத்தில் பெரும் பகுதி கரைந்து விட்டது. ஆயினும் கடமையை மறக்கலாமா? "ஆராய்ச்சி மாணவர்களுக்கு வசதி பெருகிவிட்டது போலிருக்கிறது, வாரந்தோறும் விருந்து நடக்கிறதே!" என்று மெதுவாக ஆரம்பித்தோம்.

பையன் இலையைப் பார்த்துக் கொண்டிருந்தான். பெரியவர் பதில் சொன்னார். "இங்கே ஒரு வழக்கம், ஐயா. சம்பளம் வாங்குகிறவர்கள் பணம் கொடுப்போம். படிக்கிற பிள்ளைகள் கொடுக்கக் கூடாது. இந்தத் தம்பிக்கு உதவித்தொகை வந்து ஐந்து மாதமாகிறது. அவனுக்கு வாரத்தில் வயிறு நிறைகிற சாப்பாடு இது ஒன்றுதான்."

பிறகு விசாரித்துத் தெரிந்து கொண்டோம். தேசியத் தகுதித் தேர்வில் சிறந்து தேறி இளநிலை ஆராய்ச்சியாளர் உதவித்தொகை பெறுகிறவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று விதித்திருக்கிறார்கள். நமது பையன் பெறுவது அதுவன்று. வேறொரு சிறிய உதவித்தொகை. அதையும் மாதாமாதம் கொடுப்பதில்லை. தோன்றியபோது சேர்த்துக் கொடுக்கிறார்கள். 2013-ல் சென்னையில் அம்மா உணவகங்களைத் திறந்தபோது ஓர் இட்லி 1 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று வைத்தார்கள். கூலிக்காரர்களை நினைத்துத் திறந்த அந்த இடத்தில், சாயநீரைச் சுத்தம் செய்ய வழி கண்டுபிடிக்கிறவனும் காலையில் வரிசையில் நிற்கிறான். மத்தியானம் தேநீர். இரவு பல நாள் அதுவுமில்லை. படக்கதைகளோ அவன் வாங்கியவை அல்ல. மேஜையைச் சுற்றி இரவலாக வருகிறவை.

இரும்புக்கை மாயாவிக்கு உடம்பு மறைந்தாலும் கை தெரிகிறது. உதவித்தொகை வழங்கும் காரியாலயத்திலோ உடம்புகள் நாற்காலிகளில் நன்றாகத் தெரிகின்றன. கொடுக்கும் கை மாத்திரம் கண்ணுக்குத் தெரிவதில்லை! ஆராய்ச்சிக்கு வா என்று தேசம் ஒருவனை அழைத்தால், அவன் விருந்தாளி. விருந்தாளியை இலைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, சாதம் ஐந்து மாதம் கழித்து வரும் என்று சொல்லுகிற வீட்டை நாம் என்னவென்று சொல்வோம்? இந்தத் தொகை தர்மம் அல்ல, கூலி. சம்பளத்தைப் போல் முதல் தேதியன்று கொடுக்க வேண்டியது.

ஹோட்டலை விட்டு வெளியே வந்ததும் பையன், "அம்மாவிடம் சொல்லாதீர்கள், சார். உதவித்தொகை வரவில்லையென்றால் இராத்திரி வேலைக்கும் போக ஆரம்பித்து விடுவாள்" என்றான். பேச்சை மாற்றுவதற்காக, "அந்த எட்டாம் வகுப்புப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டோம். சிரித்தான். "அது இரவல் புத்தகம், சார். பேப்பர்க் கடை அண்ணனுடையது. பதினோரு ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிக் கடனை அடைத்தேன்" என்றான்.

அவன் சொன்னதில் கோபமில்லை. கொஞ்சம் கோபித்துக் கொண்டிருந்தால் நமக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

இங்கே நேயர்களிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் புத்தகம் 2010-ல் லயன் காமிக்ஸ் வெளியிட்ட 'இரத்தப் படலம்'. பெல்ஜியம் தேசத்தில் ழான் வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் சித்திரம் தீட்டிய கதை. பதினெட்டுப் பாகங்களும் ஒரே புத்தகத்தில். தன் பெயரையும் பூர்வோத்தரத்தையும் மறந்துவிட்ட ஒருவன், கழுத்தெலும்பின் மேல் பச்சை குத்தியிருக்கும் ஓர் எண்ணை மாத்திரம் வைத்துக் கொண்டு, தான் யார் என்று தேடுகிறான். பிள்ளைகளுக்கு எவ்வளவு கெடுதல் செய்யக்கூடிய புத்தகம் என்று பார்ப்பதற்காக அன்றிரவு அதைப் பிரித்தோம். கெடுதலின் அளவு சரியாகத் தெரிய வேண்டுமே என்று கடைசிப் பக்கம் வரையில் படித்தோம். பிறகு சந்தேக நிவிர்த்திக்காக இன்னும் மூன்று தடவை படித்தோம். வருஷக் கடைசி வந்தது, போயிற்று. புத்தகம் நமது அலமாரியிலேயே இருந்து விட்டது.

ஊர் திரும்பியதும் அம்மாள் வந்தார். மகன் கேட்டுக் கொண்டதையும் மீறக் கூடாது. பொய்யும் சொல்லக் கூடாது. "ஞாயிறுதோறும் பெரியவர்களோடு உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடுகிறான். புத்தகங்களுக்குப் பணம் செலவழிக்கவில்லை. நல்ல மனிதர்கள்" என்றோம்.

"அப்போ, ஒத்தையிலே உக்காந்து சாப்பிடலையே?" என்று கேட்டார்.

"இல்லை."

"அது போதும், ஐயா" என்றார். பணத்தைப் பற்றி அவர் கேட்கவேயில்லை.

அன்று சாயங்காலமே புத்தகத்தைக் காகிதத்தில் சுற்றி, 14 வருஷ வாடகை என்று ஒரு சிறு தொகையையும் உள்ளே வைத்து, தபாலாபீஸுக்கு எடுத்துக்கொண்டு போனோம். குமாஸ்தா பார்சலைக் கையால் தூக்கிப் பார்த்து, "உள்ளே என்ன, சார்?" என்று கேட்டார்.

"பாடப் புத்தகம்" என்றோம்.